வேண்டாம் என்று எழுதிவைத்த பிராங்க்

கரையான்சாவடி அருளப்பனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் பிராங்க், இளையவன் லிபின். நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டது. அதனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே பெரிய இடைவெளி. லிபின் நடை பழகும்போது பிராங்க்குக்கு மீசை அரும்பிவிட்டது. அம்மா மரியபுஷ்பம் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குப் போய்விட்டால், சின்னவனுக்குச் சோறு ஊட்டி, மூக்கைத் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குத் தூக்கிப்போனது எல்லாம் பெரியவன்தான். அருளப்பனுடைய மச்சினன்மார், "இன்னாடா, உம் புள்ளையா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். பிராங்க் "ஆமா" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பான்.

பிராங்க்குக்குப் படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. பாடியில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தான். பெரிய முதலாளி காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியபோது, "டெலிபோன் பாக்கிறவன்தானே, இதையும் பாரு" என்று அவனிடம் தள்ளிவிட்டார்கள். பிறகு மெயில் வந்தது. கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு சின்ன மெயில் சர்வர் வைத்தார்கள். பழைய டெலிபோன் போர்டு இருந்த அதே அறை, அதே நாற்காலி. முன்பு வயரை மாற்றி மாற்றிக் குத்தி ஆட்களைப் பேசவைத்தவன், இப்போது மெயில்களை வாங்கி அவரவர் பெட்டியில் போட்டான். வேலை ஒன்றுதான் என்று சொல்லுவான். பெரிய முதலாளி போய் அவர் மகன் குணசேகரன் வந்த பிறகும் அந்த அறையும் அந்தச் சர்வர் பெட்டியும் பிராங்க்கும் அப்படியே இருந்தார்கள்.

லிபின் கப்பலுக்குப் போனான். வெல்டிங் படித்து, மும்பைக்குப் போய், அங்கிருந்து யாரையோ பிடித்துக் கப்பல் ஏறிவிட்டான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். வந்தால் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். அம்மாவுக்குத் தைலம், அண்ணிக்குச் சேலை, அண்ணனுக்குக் கடிகாரம். பிராங்க்கின் மனைவி ஷைலா நண்டு வாங்கிக் குழம்பு வைப்பாள். அண்ணனும் தம்பியும் தட்டில் ஒரே நண்டின் காலுக்கு அடித்துக்கொள்வார்கள்.

எல்லாம் மரியபுஷ்பம் செத்த நாளோடு முடிந்தது.

அது மழைக்காலம். பூந்தமல்லிப் பக்கம் மழை பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். லிபின் அப்போது கொழும்புத் துறைமுகத்தில் இருந்தான். போனில் ஒரே கதறல். "அண்ணா, கப்பல்ல இருந்து எறக்கி உட்றேன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல வந்துடுவேன். பெட்டிய மூடாத. நான் ஒரு தபா மூஞ்சிய பாக்காம அம்மாவ அனுப்பாத."

பிராங்க் சரி என்றுதான் சொன்னான். ஆனால் மத்தியானம் கரண்ட் போனது. குளிர்பெட்டி நின்றது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற ஆள் வந்து, "இன்னிக்குப் பொதைச்சா உண்டு சார். ராத்திரி பெஞ்சா குழில தண்ணிதான் நிக்கும்" என்றான். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தப்பாமார் ஒரு பக்கம், அத்தைமார் ஒரு பக்கம், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று நெருக்கினார்கள். பெரியம்மா மகள் தெரசா மட்டும், "சின்னவன் வரட்டும்டா" என்றாள். அவள் பேச்சு எடுபடவில்லை. சாயந்தரம் சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார், பெட்டியை மூடினார்கள்.

மறுநாள் காலை லிபின் பையோடு நேராகக் கல்லறைக்கே வந்தான். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் பிராங்க்கை இன்னும் கொன்றது. வானத்தைப் பார்த்தால், நேற்று மழை பெய்தது என்றே யாரும் நம்பமாட்டார்கள்.

"ஒரு நாளு," என்றான் லிபின். "உன்னால ஒரு நாளு நிறுத்த முடில."

அவ்வளவுதான். ஏழாம் நாள் பூசைக்குக்கூட அவன் இருக்கவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. நம்பரும் மாறிப்போனது. கடலில் இருக்கிறவன், ஊருக்கு ஒரு சிம் கார்டு போடுகிறவன்; அவனைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஆனால் ஒன்று நடந்தது. மறு வருஷம் நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பிராங்க்கின் கம்பெனி மெயிலுக்கு ஒரு வரி வந்தது. கப்பல் கம்பெனி மெயிலில் இருந்து லிபின் அனுப்பியிருந்தான். அண்ணனுடைய அந்த விலாசம் ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம். "அம்மாவுக்கு என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்து." நலம் விசாரிப்பு இல்லை, பேர்கூட இல்லை. பிராங்க் அன்றைக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினான். காற்றில் அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, போட்டோ எடுத்துப் பதிலுக்கு அனுப்பினான். பதிலுக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் அதே வரி. பிறகும் அதே வரி. பேசினால் சண்டை வரும், எழுதினால் வராது என்று இரண்டு பேருக்குமே புரிந்திருந்தது போலிருக்கிறது. வருஷம் முழுக்க பிராங்க் அந்த ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டு இருப்பான். வந்துவிட்டால் ஷைலாவுக்கு அன்று மல்லிகைப்பூ உண்டு. அவளும், "இன்னா, கொழுந்தன் எழுதிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே தலையைத் திருப்பிக் காட்டுவாள்.

இப்படி இருக்கையில்தான் வேண்டாத மெயில்கள் வந்து மொய்த்தன.

கம்பெனி ஏதோ கண்காட்சியில் கடை போட்டு, எல்லோருடைய மெயில் விலாசத்தையும் ஒரு புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தது. கொடுத்ததுதான் தாமதம். முடி வளர மருந்து, உடம்பு இளைக்க மாத்திரை, சொத்தில் பங்கு தருகிறேன் என்னும் செத்துப்போன ராஜாவின் பெண்டாட்டி, லாட்டரியில் விழுந்த கோடி, சீனத்து வால்வு, தனிமையில் வாடும் பெண்கள். காலையில் பெட்டியைத் திறந்தால், குப்பை லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். அந்தச் சின்ன சர்வர் மூச்சு வாங்கியது. ஒரு நாள் அம்பத்தூரில் இருந்து வந்த பெரிய ஆர்டர் ஒன்று அந்தக் குப்பைக்கடியில் போய் மாட்டிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது.

குணசேகரன் அறைக்குள்ளே வந்து நின்றுகொண்டு கத்தினார். "பிராங்க், இது மெயில் ரூமா, குப்பை மேடா? இன்னொரு ஆர்டர் இப்படிப் போச்சுன்னா இந்தப் பெட்டியத் தூக்கி வெளிய போட்டுருவேன்."

பிராங்க்குக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு காரியம் செய்தான். கம்பெனிக்கு வியாபாரம் எந்த எந்த தேசத்தோடு? இந்தியா, துபாய், சிங்கப்பூர், ஜெர்மனி. மற்ற தேசத்தில் இருந்து வரும் மெயில் எதுவுமே உள்ளே வரவேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்பு என்று சர்வருக்குச் சொல்லிவைத்தான். திருப்பி அனுப்பும்போது அனுப்பியவனுக்கு ஒரு வரி போகும். அந்த வரியை நாமே எழுதிக்கொள்ளலாம். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் டில்லிபாபு டீ டம்ளரோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்தே, நல்லா சூடா எழுது. படிச்சிட்டு நாக்கப் புடுங்கிகினு சாவணும்."

பிராங்க் இங்கிலீஷில் தட்டினான். உன் மெயில் எங்களுக்கு வேண்டாம். இனிமேல் இங்கே எழுதாதே.

"அவ்ளோதானா? மொட்டக் கடுதாசி மாதிரி கீது. எவன் பயப்படுவான்? பேரப் போடு அண்ணாத்தே, பேரப் போடு."

பிராங்க் சிரித்துக்கொண்டே கீழே தன் பேரைப் போட்டான்.

மறுநாள் காலை பெட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குணசேகரன் அறை வாசலில் நின்று, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் இருந்து அது வருவது பெரிய விஷயம். டில்லிபாபு கம்பெனி முழுக்க, "எங்க அண்ணாத்தே வாசப்படில நாயக் கட்டி உட்டுக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு லிபினிடமிருந்து வரி வரவில்லை.

கப்பல் நடுக்கடலில் இருக்கும் என்று நினைத்தான் பிராங்க். பழைய கப்பல் விலாசத்துக்கு எழுதினான். அந்தப் பேரில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, கடலில் ஏதாவதோ என்று நினைத்து நினைத்துப் பாதி ஆளாகிவிட்டான். செய்தியில் எங்காவது கப்பல் கவிழ்ந்தது என்றால், சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். ஷைலா டிவியை நிறுத்திவிடுவாள். மெழுகுவர்த்தி மட்டும் ஒவ்வொரு வருஷமும் இரண்டு ஏற்றினான். யாரும் சொல்லாமலே ஏற்றினான்.

போன கல்லறைத் திருநாளன்று பூந்தமல்லிக் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. சாமந்திப்பூ வாசனையும் மெழுகு வாசனையுமாக ஜனம் நெரிந்தது. மரியபுஷ்பத்தின் கல்லறையை பிராங்க் கழுவிவிட்டுக் கொண்டிருந்தபோது தெரசா வந்தாள். அவளுக்கு முட்டி வலி. பக்கத்துக் கல்லறை ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். மரியபுஷ்பத்தின் அக்கா மகள் இவள், வானகரத்தில் கட்டிக்கொடுத்தது. சின்ன வயதில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தலையில் பேன் பார்த்தவள். அவள் கோபமாக இருந்தால், பேசுவதற்கு முன்னால் மூக்கு விடைக்கும். அன்றைக்கு விடைத்திருந்தது.

"இன்னாக்கா, வந்ததுல இருந்து மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?" என்றான் பிராங்க்.

"நீ பண்ண காரியத்துக்கு உன்ன மடில வெச்சிக் கொஞ்சணுமா?"

"நான் இன்னா பண்ணேன்?"

"லிபின் பேசினான் முந்தாநாளு."

பிராங்க் கழுவுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "உசுரோட கீறானா?"

"கீறான், கீறான். கப்பல உட்டுட்டானாம். ருமேனியானு ஒரு ஊராம், அங்க கப்பல் கட்ற எடத்துல கீறான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுதாம். யாரு போன்லயோ வாங்கிப் பேசினான். அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்துக்கான்னு எங்கிட்ட சொல்றான். அத உங்க அண்ணங்கிட்ட சொல்லேண்டானு கேட்டா அழுவுறான்டா அவன். அம்மாம் பெரிய ஆம்பள, போன்ல அழுவுறான்."

"ஏங்கா?"

"ஏனா? அவன் உனக்கு மெயில் போட்டுக்கிறான். நீ இன்னா எழுதின திருப்பி? உன் மெயில் எங்களுக்கு வாணாம், இனிமே இங்க எழுதாத. கீழ உம் பேரு வேற. அடுத்த வருஷமும் போட்டுக்கிறான். அப்பவும் அதே தானாம். பெட்டிய மூடின கையாலதானடா அதையும் எழுதின?"

பிராங்க்குக்குக் காதில் விழுந்தது தன்னுடைய வரி. தமிழில் வந்தாலும் ஒரு வார்த்தை மாறவில்லை. அதை எழுதினபோது பின்னால் நின்ற டில்லிபாபுவின் டீ வாசனைகூட நினைவுக்கு வந்தது.

ருமேனியா அவன் சாத்திவைத்த தேசங்களில் ஒன்று. அங்கே தம்பி இருப்பான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? குப்பை அனுப்புகிறவன் திரும்பி வரும் பதிலைப் படிப்பதே கிடையாது. ஆயிரம் அனுப்பினான் என்றால் ஆயிரத்தையும் மறந்துவிட்டு அடுத்த ஆயிரத்துக்குப் போய்விடுவான். அந்த வரியை உட்கார்ந்து படித்திருக்கக்கூடியவன், உண்மையாகவே ஏதோ ஒன்றைச் சொல்ல வந்தவன் மட்டும்தான். அத்தனை நாளில் அதைப் படித்தவன் அவன் தம்பி ஒருவனாகத்தான் இருக்கும்.

"அக்கா, அது அவனுக்கு எழுதினது இல்லக்கா," என்றான். "அது திருட்டுப் பசங்களுக்கு எழுதி வெச்சது. மெசினு தானா அனுப்பும். அவன் எழுதினது எங்கிட்ட வரவே இல்ல."

மெஷின், சர்வர் எல்லாம் தெரசாவுக்குப் புரியாது. ஆனால் பிராங்க்கை மூன்று வயதில் இருந்து தெரியும். மூக்கு அடங்கியது.

"அறிவு கெட்டவனே," என்றாள். "மெசினுக்கு எழுதற வார்த்தையா அது? மனுசன் படிப்பான்னு நெனைக்க வாணாம்?"

அவள் போனில் இருந்த நம்பரை வாங்கி அங்கேயே நின்று பிராங்க் பேசினான். எடுத்தவன் தூத்துக்குடிக்காரன் ஒருவன். சுற்றிலும் இரும்பு அடிக்கும் சத்தம்.

"லிபின் அண்ணனா? அவரு நேத்துதான் வேற கப்பல் யார்டுக்கு மாறிப் போனாவோ. தூரம் அது. போன் தண்ணில விழுந்துட்டுன்னு எங்கிட்ட வாங்கித்தான் பேசினாவோ. புது நம்பர் எனக்குத் தெரியாதே. பாத்தா சொல்லுதேன்."

"தம்பி, நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவங்க அண்ணன் பிராங்க் பேசினான்னு சொல்லு. அந்த வரி அவனுக்கு எழுதல. மெயில் போடச் சொல்லு. எந்த ஊர்ல இருந்தாலும் சரி, எந்த அட்ரஸ்ல இருந்தாலும் சரி, அதே பழைய எடத்துக்குப் போடச் சொல்லு. இனிமே திரும்பி வராதுன்னு சொல்லு."

"அவ்வளவும் சொல்லணுமாண்ணே? சரி, பாத்தாச் சொல்லுதேன்."

பாத்தா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிராங்க் வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாக அந்த வரியை அழித்தான். பிறகு தேசங்களுக்குப் போட்டிருந்த தாழ்ப்பாளை எல்லாம் எடுத்துவிட்டான். இனி எங்கிருந்து எது வந்தாலும் உள்ளே வரும்.

வந்தது. முழங்கால் அளவு வெள்ளம் வரும் என்று நினைத்தவனுக்குக் கழுத்தளவு வந்தது. சர்வர் திணறியது. கணக்குப்பிள்ளையில் இருந்து கொள்முதல் வரை எல்லோருடைய பெட்டியிலும் ராஜாவின் பெண்டாட்டி வந்து உட்கார்ந்துகொண்டாள். டில்லிபாபு ஓடி வந்தான்.

"அண்ணாத்தே, நாய அவுத்து உட்டுட்டியா? எனக்கு வழுக்கைக்கு மருந்து வந்துகினே கீது. எவனோ என் போட்டோவப் பாத்துட்டான் போல."

குணசேகரன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"பிராங்க், மார்ச்சில உனக்கு ரிட்டயர்மெண்ட். அதோட இந்தப் பெட்டியையும் நிறுத்திடப் போறேன். பெரிய கம்பெனிக்காரன்கிட்ட மெயில் எல்லாம் மாத்திடலாம்னு பேசி முடிச்சாச்சு. அதுவரைக்கும் ஒழுங்கா ஓட்டித் தரமாட்டியா?"

"ஓட்டித் தர்றேன் சார். ஒரு ஒதவி மட்டும். என் அட்ரஸ ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் வெச்சிக்கிறீங்களா?"

"எதுக்கு?"

பிராங்க் சொன்னான். கல்லறையில் தொடங்கி ருமேனியா வரைக்கும் எல்லாம் சொன்னான். குணசேகரன் கேட்டுக்கொண்டார். அவருக்கும் ஒரு தம்பி உண்டு. சொத்துப் பிரிந்ததில் இருந்து பேச்சில்லை. அதனாலேயோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போனவங்க அட்ரஸ வெச்சிக்க முடியாதுப்பா. ஒருத்தருக்கு வெச்சா எல்லாரும் கேப்பாங்க. மார்ச் வரைக்கும் உன் பெட்டிய நீ எப்படி வேணா வெச்சிக்க. மத்தவங்க பெட்டில குப்பை வரக்கூடாது. அவ்ளோதான் என்னால முடியும்."

அப்படியே செய்தான். மற்ற எல்லோருக்கும் தாழ்ப்பாள் பழையபடி. பிராங்க்கின் பெட்டிக்கு மட்டும் கதவே கிடையாது. எந்த வடிகட்டியும் போடவில்லை. வடிகட்டி போட்டால் அது எதை எடுக்கும், எதைத் தள்ளும் என்று யார் கண்டது? லிபின் எந்த விலாசத்தில் இருந்து எழுதுவான் என்று தெரியாது. எந்த ஊரில் இருந்து என்று தெரியாது. எழுதுவானா என்பதே தெரியாது. ஒவ்வொன்றாகத் தானே திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினான்.

காலையில் கம்பெனி திறக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவான். ஒன்று திறப்பான், முடி மருந்து. மூடுவான். ஒன்று திறப்பான், லாட்டரி. உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, உடனே இங்கே அமுக்குங்கள். மூடுவான். இடது கையால் இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டே வலது கையால் திறந்து மூடுவான். தெரியாத ஊர்ப் பேர் எதைக் கண்டாலும் இட்லியைக் கீழே வைத்துவிடுவான். திறந்தால் மாத்திரை.

ஷைலா முதலில் கிண்டல் பண்ணினாள். "ஊர்ல கீற பொம்பளைங்க எல்லாம் உங்களுக்கு லவ் லெட்டர் போடறாளுங்களாமே? டில்லிபாபு சொன்னான். எவளாவது நல்லவளா கீறாளா?"

"ஒருத்தி கீறா. ரஷ்யாக்காரி. நல்லாச் சமைப்பாளாம்."

"வரச் சொல்லுங்க. நண்டு கழுவ ஆள் வேணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நண்டு என்று சொன்னதும் இரண்டு பேருக்கும் ஒரே ஆள் நினைவுக்கு வந்துவிட்டான். பிராங்க் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டினார்கள். தெரசா பலகாரம் கொடுத்து அனுப்பினாள். தூத்துக்குடிக்காரனுக்குப் போன் போட்டான். "இன்னும் பாக்கலண்ணே" என்றான். பொங்கல் போனது. மறுபடியும் போட்டான். இந்தத் தடவை, "அந்த யார்டுக்குப் போற லாரிக்காரங்கிட்ட சொல்லி உட்ருக்கேம்ணே" என்றான். சொல்லிவிட்டது போய்ச் சேர்ந்ததா என்று யாரைக் கேட்பது? ஊர் விட்டு ஊர், தேசம் விட்டு தேசம், தெரியாத லாரிக்காரன் வாயில் அண்ணன் சொன்ன சேதி போய்க்கொண்டு இருந்தது.

பிப்ரவரி பாதியில் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து அறையை அளந்துவிட்டுப் போனார்கள். பழைய பெட்டி வெளியே போனால், அந்த இடத்தில் பைல் அலமாரி வருமாம். பிராங்க் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். குப்பை படித்துப் படித்துக் கண் பூத்துப் போனது. பாதி தூக்கத்தில்கூடக் மவுஸ் அமுக்குகிற ஆள்காட்டி விரல் அசைந்துகொண்டிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு லீவில் சேர்ந்தது எல்லாம் குவிந்து கிடந்தது. ஒன்று வந்திருந்தது, தலைப்பு இல்லாமல். தலைப்பு இல்லாமல் வருவது எல்லாம் குப்பைதான். அனுப்பியவன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கடைப் பேர். பிராங்க் பழக்க தோஷத்தில் தள்ளிவிடப் பார்த்தான். தள்ளுவதற்குமுன் திறப்பது என்று வைத்திருந்த பழக்கம்தான் காப்பாற்றியது.

உள்ளே ஒரே சொல். தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான்.

சேருதா?

அவ்வளவுதான். பேர் இல்லை. பேர் வேண்டியதும் இல்லை. ஆற்றின் இந்தக் கரையில் நின்றுகொண்டு, தண்ணீரில் காலை வைக்கலாமா என்று பார்க்கிறவன் மாதிரி, எழுதினால் வந்து சேருகிறதா என்று கேட்டிருந்தான்.

பிராங்க் நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். பதில் எழுதத் தொடங்கினான். அன்புள்ள தம்பிக்கு என்று தட்டினான். தட்டிவிட்டு அதையே பார்த்தான். அன்புள்ள என்றுதானே எல்லாக் குப்பையும் தொடங்குகிறது? அழித்தான். நெடுநாளாக உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினான். செத்துப்போன ராஜாவின் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்லுகிறாள். அழித்தான். உடனே பதில் போடு. இது உண்மை, நம்பு. உன் போன் நம்பரை அனுப்பு. உன்னை நினைத்து நினைத்து அழுகிறேன். எதை எழுதினாலும், காலையில் இருந்து அவன் திறந்து மூடின மெயில் எதிலோ அந்த வார்த்தை இருந்தது. அந்தப் பக்கத்திலும் ஒரு சர்வர் இருக்கும். அதற்கும் பிராங்க் மாதிரி ஒருத்தன் தாழ்ப்பாள் போட்டிருப்பான். இந்த வார்த்தைகளோடு போனால், வாசலிலேயே திருப்பிவிட்டால்?

இத்தனை மாதமாக ஒரு மனிதனுக்குச் சொல்ல வேண்டும் என்று நெஞ்சில் வைத்திருந்த வார்த்தை எல்லாவற்றையும் திருடர்கள் முன்னாலேயே எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தான். யோசித்து யோசித்து, எந்தத் திருடனுக்கும் தோன்றாததை எழுதினான்.

"சேருது. தெரசாக்காவுக்கு முட்டி வலி, ரெண்டாம் பூசைக்குத்தான் வருது. நம்ம சாவடி ரோட்டு நடுவுல மெட்ரோ தூணு வந்துட்ச்சு. முனைல இருந்த ரொட்டிக் கடைய இடிச்சிட்டானுங்க. நீ வந்தா நம்ம சந்து உனக்கு அடையாளம் தெரியாது. தடுமாறாத. மெயின் ரோட்டுலயே எறங்கி நில்லு, நான் வந்து கூட்டிகினு போறேன். எந்நேரம்னாலும் சரி. உன் பஸ்ஸு லேட்டானாலும் நான் அங்கயேதான் நிப்பேன். இந்த மெயிலு மார்ச் வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஊடுதான் அட்ரஸு."

அனுப்பினான். திரும்பி வருகிற மெயில் என்றால், போன வேகத்திலேயே வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். திரையைப் பார்த்தபடி இருந்தான். வாசலில் டில்லிபாபு டீ டம்ளரோடு வந்து நின்றான்.

"அண்ணாத்தே, ஆறுது."

"வெச்சிட்டுப் போ," என்றான் பிராங்க், கண்ணை எடுக்காமல்.

மேலே புதுசாக ஒன்று வந்து விழுந்தது. திறந்தான். முடி மருந்து. மூடினான். இன்னொன்று வந்தது. அதையும் திறந்தான்.